டச்சுக் கப்பல் கொள்ளை

எண்ணூர்க் கடலில் தன்னுடைய கப்பலை எவனோ கொள்ளையடிக்கிறான் என்று அருள்பிரகாசத்துக்குத் தெரிந்துபோனது. அன்று மனைவி ஐரீன் வைத்த வஞ்சிர மீன் குழம்பு கூட அவர் தொண்டையில் இறங்கவில்லை.

தன்னுடைய கப்பல் என்றால் அவர் வாங்கியதல்ல, கண்டுபிடித்தது. மூழ்கிப்போன பழங்கப்பல்களை அளந்து பாதுகாக்க அரசாங்கம் ஒரு பிரிவைத் தொடங்கி, அவரை அதிகாரியாகப் போட்டிருந்தது. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தக் கணக்கில் அவர்தான் கப்பல் நிபுணர். பிரிவு என்பது அவர், ஒரு பியூன், கடலடிக்குச் சத்தத்தை அனுப்பி எதிரொலியைக் காகிதத்தில் கோடாக வரையும் ஒரு வெளிநாட்டுக் கருவி. மூன்றுக்கும் நீச்சல் தெரியாது.

அந்தக் கருவிதான் காத்திவாக்கத்துக்கு நேரே, கடலடியில் ஒரு மேட்டை வரைந்து காட்டியது. அருள்பிரகாசம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகப் பார்த்தபோது அது டச்சுக் கப்பல் என்று முடிவாகிவிட்டது. செய்தி பத்திரிகையில் அவர் படத்தோடு வந்தது. ஐரீன் அதை பைபிளுக்குள் வைத்து எடுத்துப்போய், ராயபுரம் கோயிலில் பூசை முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

திங்கட்கிழமை டெல்லி அதிகாரிகள் வருகிறார்கள். கருவி வரையும் கப்பல் அவர்களுக்குப் பிடித்துவிட்டால் பிரிவு துறையாகும், இவர் இயக்குநர் ஆவார். பிடிக்காவிட்டால் பழையபடி அருங்காட்சியகத்தில் செப்புக்காசு துடைக்கப் போக வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்தா கொள்ளை நடக்க வேண்டும்! அடையாளத்துக்கு அவர் கட்டிய சிவப்பு மிதவையை எவனோ அறுத்துவிட்டான். போன மாதத்துப் படத்தைவிட இந்த மாதத்துப் படத்தில் கப்பலின் முன்பக்கம் ஓர் ஆள் உயரம் கூடியிருந்தது.

"சுத்தி இருக்கற மணலைத் தோண்டுறாங்க. அதான் கப்பல் வெளியே தெரியுது. அடுத்தது பீரங்கியைத் தூக்குவாங்க" என்று துறைமுகப் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் லோகநாதனிடம் புலம்பினார்.

"யார் மேலயாவது சந்தேகமா சார்?"

"காத்திவாக்கத்துல மண்ணாங்கட்டின்னு ஒரு கிழவன். அங்கே பேய் இருக்கு, போகாதீங்கன்னு என்கிட்டயே சொன்னான். ஆனா அவன் மட்டும் போறான். கயிறும் சாக்குமா இருக்கான். பைனாகுலர்ல பார்த்தேன்."

சனிக்கிழமை காலை போலீஸ் லாஞ்சு கட்டுமரத்தை வளைத்தது. மண்ணாங்கட்டியும் அவர் மருமகனும் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்கள். சாக்கு மூட்டை பாதி மரத்தின் மேலும் பாதி தண்ணீரிலுமாக இருந்தது. இருவரும் கயிற்றைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்தார்கள்.

அருள்பிரகாசம் லாஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "முந்நூறு வருஷத்துச் சொத்துடா! திருடித் தின்ன உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

மூட்டையை லாஞ்சில் ஏற்றி அவிழ்த்தார்கள். முதலில் ஒரு பெரிய சக்கரம் வந்தது.

"பார்த்தீங்களா! பீரங்கி வண்டிச் சக்கரம்!" என்று கூவினார் அருள்பிரகாசம்.

லோகநாதன் அதைப் புரட்டிப் பார்த்தார். "கைரிக்‌ஷா சக்கரம் சார். நம்பர் தகடு கூட கட்டியிருக்கு."

அதன் பின்னால் உடைந்த அம்மி, ஆட்டுக்கல், பனங்கட்டை என்று வரிசையாக வந்தன.

"இதையெல்லாம் எங்கேருந்துய்யா எடுத்தே?" என்று அதட்டினார் லோகநாதன்.

"எடுக்கல சார், எறக்கிகினு கீறோம்" என்றார் மண்ணாங்கட்டி. "கல்லு, கட்டை போட்டு வெச்சா மீனு வந்து அண்டும். எடம் தெரிஞ்சா ஊரே வந்து வலை போட்ரும். அதான் சாராண்ட பேய் கீதுன்னு சொன்னேன். கேக்காம செவப்பு மிதவையைக் கட்டி வுட்டாரு. அதைப் பாத்துட்டு பாதி காசிமேடு வந்துச்சி. பேஜாராப் போயி அறுத்துட்டோம்."

"அப்போ அடியில இருக்கற டச்சுக் கப்பல்?" என்று கேட்டார் அருள்பிரகாசம்.

"இன்னா கப்பலு? எங்க நைனா காலத்துலேர்ந்து நாங்க போட்டுகினு வர்ற குப்ப சார் அது!"

லோகநாதனால் தாங்க முடியவில்லை. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு லாஞ்சின் மறுகோடிக்கு ஓடினார். அங்கே அவர் தோள் குலுங்குவது தெரிந்தது.

அருள்பிரகாசத்தின் முகத்தில் ஈயாடவில்லை. டெல்லிக்காரர்களை நினைத்தார், ஐரீனை நினைத்தார். பிறகு கட்டுமரத்தின் பக்கம் நன்றாகக் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெரியவரே, மிச்சத்தையெல்லாம் பின்பக்கமா போடுங்க, திங்கக்கிழமைக்குள்ள கப்பல் இன்னும் கொஞ்சம் நீளமா தெரியணும்."