மஸ்கட் பள்ளிக்குப் பூக்கேட்டல்

உத்திரமேரூரை அடுத்த வயலோரத்து அம்மன் கோயில். வெயில் கற்பூரத் தட்டு வரை வந்து நிற்கிறது. அம்மன் காலடியில், வாழையிலையில் மடித்த இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் சிவப்பு. அடுத்த மாதம் மகளோடு மஸ்கட் போகிறாள் தேவயானி. அங்கே பிரிட்டிஷ் பள்ளியா, இந்தியப் பள்ளியா என்று இன்றைக்குள் பள்ளிக்குச் சொல்லியாக வேண்டும்; எடுக்கும் பொட்டலத்தில் இருக்கும் பூவின் நிறம்தான் அம்மன் வாக்கு. மகள் இனியா ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கிறாள். வெள்ளை. “அப்ப இந்தியன் ஸ்கூலு,” என்கிறான் மஸ்கட்டிலிருந்து, செல்போன் திரையில், கணவன் மோகன்குமார். “இன்னாங்க? வெள்ளைன்னா பிரிட்டிஷ் ஸ்கூலுன்னுதானே நான் வேண்டிக்கினேன்!” “நான் இங்கேர்ந்து இந்தியன்னு வேண்டிக்கினேனே.” “என்னாண்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?” “மனசுலதான் வேண்டிக்கணும், வாயத் தொறக்கக்கூடாதுன்னு நீதானடி சொன்ன?” பூசாரி சிரித்துவிடுகிறார். “ஆளுக்கு ஒண்ணு கேட்டா ஆத்தா யாருக்கும்மா பதில் சொல்லுவா?” தேவயானி அம்மனைப் பார்க்கிறாள். எண்ணெய்ப் பளபளப்பில் அந்த முகம் இரண்டு பள்ளிக்கும் சம்மதம் என்பதுபோல் இருக்கிறது. இனியா மற்ற பொட்டலத்தைத் தூக்கிக் காட்டுகிறாள். “இதையும் பிரிக்கட்டாம்மா?” அதில் இருப்பது சிவப்புதான் என்று தேவயானிக்குத் தெரியும். இருந்தும், “பிரி,” என்கிறாள்.