திறந்த வாய்ப் புனல்

சித்திரையில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு, முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்த செங்கோடன் என்ற பைக் எஞ்சினின் காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் அலுமினியப் புனல் ஒன்றை மாட்டினார்கள்.

"இத்தனை வருஷமா மூக்கைப் பொத்திக்கிட்டா ஓடினீங்க, அண்ணே?" என்றது புனல். "இனி வாயைத் திறந்து மூச்சு விடுங்க."

நெடுஞ்சாலையில் காற்று தடையில்லாமல் பாய்ந்தது. செங்கோடன் முன்பு எட்டாத வேகத்தை எட்டினான். அதைவிட, அவன் உறுமல் தெருக்கோடி வரை கேட்டது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது மட்டும் இழுவையில்லாமல் திணறினான். அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

கொட்டகை மூலையில் கிடந்த வடிகட்டி கூப்பிட்டது. "டேய் செங்கோடா, தினமும் செம்மண் ரோட்டுல போறே. புழுதியை யாருடா தடுக்கிறது?"

"வேலை போன வயித்தெரிச்சல், அண்ணே," என்றது புனல். "உங்க குரல் அதுக்குப் பிடிக்கலை."

தன் குரலை இவ்வளவு பெரிதாக்கித் தந்தவன் தன்னைக் கெடுப்பானா என்று செங்கோடன் நினைத்தான்.

ஐப்பசியில் நீலப் புகை கக்கினான். பிஸ்டன் முழுக்கக் கீறல். "உள்ளே என்னத்தடா விட்டே?" என்று கத்தினான்.

"வந்ததையெல்லாம் விட்டேன், அண்ணே. தடுக்கிறேன்னு நான் எப்பச் சொன்னேன்?"

மார்கழி பதினேழாம் தேதி செங்கோடனைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். புனலைத் துடைத்து இன்னொரு பைக்கில் மாட்டினார்கள்.