அவரோட ஆம்ப்ளிஃபயர்

ஊரிலிருந்து வந்து இறங்கிய தங்கைக்கு மனசு இளகிவிட்டது. பழைய ஆம்ப்ளிஃபயரைக் குடலெல்லாம் வெளியே தெரியத் திறந்து போட்டு, அக்கா கூடத்து மேசையில் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"இது மாமாவோடதுதானே?"

"ஆமா. மூணு மெக்கானிக் கையை விரிச்சுட்டாங்க. நானே படிச்சுப் பார்த்துக் கத்துக்கிட்டேன்."

அவள் விரல்களில் சூட்டுக் கொப்புளங்கள். மாமா அக்காவைப் பிரிந்து தனி வீடு போய் ஒரு வருஷமாகியும் அக்காவின் மனசு அவரிடம்தான் இருக்கிறது என்று தங்கை நினைத்துக்கொண்டாள்.

"மீதியை நாளைக்குப் பண்ணேன். கையெல்லாம் புண்ணாயிருக்கு பாரு."

"முடியாது. அஞ்சு மணிக்கு அவர் வர்றார். அதுக்குள்ள இது பாடியாகணும்."

வருகிறாரா! தங்கைக்கு வாயெல்லாம் பல். அக்காவுக்கு நல்ல உடை ஒன்றை எடுத்து வைத்தாள்.

அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி கண்டன்சரை மாற்றிவிட்டு சுவிட்சைத் தட்டினாள். துளி இரைச்சல் இல்லாமல் இரண்டு ஸ்பீக்கரும் கணீரென்று பாடின.

சொன்ன நேரத்துக்கு மாமா கருவிப் பையோடு வாசலில் நின்றார். பாட்டைக் கேட்டதும் அவர் முகம் தொங்கிப்போனது.

அக்கா பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கி அவர் கையில் வைத்தாள்.

"ரிப்பேர் பண்றேன்னு ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம வந்து பிரிச்சுப் போட்டுட்டுப் போனீங்க. எடுத்துட்டுப் போங்கன்னா, சரியானதும் கொண்டுபோறேன்னீங்க. சரியாயிடுச்சு. இனிமே இங்க உங்களுக்கு வேலையில்லை."

அவர் படியிறங்கும்வரை நின்று பார்த்துவிட்டுக் கதவைத் தாழிட்டாள்.

"ஒரு கை பிடி," என்றாள் தங்கையிடம். "இந்த மேசையை ஜன்னல் பக்கம் போட்டுக்கலாம்."