செடிக்கு எந்தத் தண்ணீர்?

“சாக்கடைத் தண்ணியை ஊத்தி ரோஜா வளர்க்கிறீங்களே, அதை மோந்து பார்த்தா மயக்கம்தான் வரும்!”

நர்சரி வாசலில் நின்று தையல்காரி கத்தினாள். பின்னால் நின்ற தெருப் பெண்கள் சிரித்தார்கள்.

நர்சரிக்காரர் நிமிரவில்லை. கறுப்புப் பைகளில் இருந்த செடிகளுக்குச் சொட்டுக் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார். இலை நுனியெல்லாம் அந்தத் தண்ணீரின் உப்பில் கருகியிருந்தது.

“சுத்திகரிச்ச தண்ணிம்மா. பூச்செடிக்கு மட்டும்தான். அதுவும் வேர்ல சொட்டுச் சொட்டா விழுது. யார் மேலயும் தெறிக்காது.”

“என் பொண்ணுக்கு வாந்தி நிக்கவே மாட்டேங்குதுண்ணே! எல்லாம் இந்தக் கழிவாலதான்.”

“பாப்பா இந்தப் பக்கமே வந்ததில்லையேம்மா.”

“காத்து வருதில்ல?”

எதிர்வீட்டுக்காரி முன்னால் வந்தாள். “உங்ககிட்டதான் வத்தாத போர்க்கிணறு இருக்கே, அந்தத் தண்ணியை ஊத்தினா என்ன?”

“அது வேற இடத்துக்குப் போகுதும்மா.”

“போகும், போகும். லாரியில ஏறி ஜம்முன்னு போகும்! நல்ல தண்ணியை வித்துட்டு, செடிக்குக் கழிவா?”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அடுத்த செடியின் குழாயைச் சரிசெய்யக் குனிந்தார்.

தெருவே கூடி மனு கொடுத்தது. முதல் கையெழுத்து தையல்காரியுடையது. அதிகாரிகள் வந்து சுத்திகரிப்புத் தண்ணீர்க் குழாயை அடைத்து, சீல் வைத்துவிட்டுப் போனார்கள்.

“இனிமே போர்த் தண்ணிதான் ஊத்தணும். திருப்திதானேம்மா?” என்றார் நர்சரிக்காரர்.

“இதை முதல்லயே செஞ்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?”

மறுநாள் காலை, தையல்காரி குடத்தை வைத்துத் தெருக்குழாயைத் திருகினாள். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

வீட்டில் பெண் தண்ணீர் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். வாய் உலரவே விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பானையில் ஒரு சொட்டு இல்லை.

தண்ணீர் திறந்துவிடுகிறவர் சைக்கிளில் வந்தார். ஓடிப்போய் மறித்தாள்.

“அண்ணே, நகராட்சித் தண்ணி ஏன் வரலை?”

“அது கோடை ஆரம்பத்துலயே நின்னு போச்சேம்மா.”

“அப்ப நேத்து வரைக்கும் வந்தது?”

“நர்சரிக்காரர் தெருக்குழாய்க்கு விட்ட போர்த் தண்ணி. விஷயம் வெளிய தெரிஞ்சா ஊரே திரண்டு வரும், போர் தாங்காது, யார்கிட்டயும் சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டாரு.”

“இப்ப... இப்ப எங்கண்ணே அந்தத் தண்ணி?”

“ரெண்டு பக்கத்துக்கும் பத்தாதேம்மா. நீங்கல்லாம் கேட்டபடி செடிக்குப் போகுது.”