ஜன்னல் திறக்காத மாடி

மகன் நிரஞ்சனின் முதல் வருஷத் திதி. அவனுக்குப் பிடித்த சுஷியும் லசானியாவும் வேதவல்லிக்குச் செய்யத் தெரியாது. அதனால்தான் தணிகாசலம் மனைவியை இந்த நட்சத்திர ஓட்டலின் உச்சி மாடியில் இருந்த பஃபேக்கு அழைத்து வந்திருந்தார். அவனுக்கான தட்டை நிரப்பி வைத்துவிட்டு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் இருவரும் காகத்துக்குக் காத்திருந்தார்கள். அவ்வளவு உயரத்தில் எந்த ஜன்னலும் திறக்காது. வேதவல்லி எழுந்துபோய்க் கண்ணாடியில் நெற்றியை வைத்து, “கா... கா...” என்று கூப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“முடிஞ்சிருச்சா சார்?” என்றார் பரிமாறுபவர். தணிகாசலம் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பரிமாறுபவர் நிரம்பிய தட்டை அப்படியே எடுத்துப் போய்விட்டார்.

திரும்பி வந்த வேதவல்லி மேசையைப் பார்த்தாள். “சாப்பிட்டுட்டானாங்க?”

தணிகாசலம் தலையாட்டினார்.

“புள்ள பசியோட இருந்திருக்கான். இன்னும் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க.”

பஃபே வரிசையில் பாத்திரங்களை மூடிக்கொண்டிருந்தார்கள்.