கழிவறைச் செருப்புகள் கூடத்துக்கு வந்த நாள்

ஜப்பானில் கித்தாமுரா என்பவர் வீட்டுக் கழிவறையில் ஒரு ஜோடி நீலச் செருப்பு இருந்தது. உள்ளே போகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள், வரும்போது அங்கேயே கழற்றிவிடுவார்கள். அந்த வாசலைத் தாண்டினால் தொலைந்தோம் என்று செருப்புகளுக்குத் தெரியும்.

அன்று விருந்துக்கு வந்திருந்த கித்தாமுராவின் முதலாளி, ஏதோ யோசனையில், அந்தச் செருப்போடே வெளியே நடந்தார்.

"ஐயோ, கழற்றுங்களேன்!" என்று அலறியது வலது செருப்பு.

முதலாளி நேராகக் கூடத்துக்குப் போனார். அங்கே தரை முழுக்கக் கோரைப்பாய். காலுறை போட்ட கால் தவிர எதுவும் அதன்மேல் பட்டதில்லை.

"யாரது என் மேலே?" என்று சீறியது பாய்.

"நாங்களா வரலைங்க, கூட்டிட்டு வந்துட்டாங்க," என்று நடுங்கியது இடது செருப்பு.

கித்தாமுரா முதலாளியின் காலைப் பார்த்தார். பிறகு சிரித்தபடி இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

"சிரிக்கிறாரே, கோபமில்லை போல," என்றது வலது.

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு," என்றது இடது.

முதலாளி புறப்பட்டார். வாசலில் நீலச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் ஷூவை மாட்டிக்கொண்டார். கித்தாமுரா இடுப்பு வளையக் குனிந்து, "அடுத்த வாரமும் அவசியம் வரணும்," என்றார். முதலாளி தலையாட்டினார்.

கதவு சாத்தியதும் சிரிப்பு போய்விட்டது. இரண்டு விரலால் செருப்புகளைத் தூக்கிக் குப்பைப் பையில் போட்டார். கழிவறைக்குப் புது ஜோடி வந்தது.

"நீங்க என்ன தப்பு செஞ்சீங்க?" என்று புதுச் செருப்பு கேட்டது.

பையின் வாயைக் கட்டுவதற்குள் இடது செருப்பு சொன்னது: "அந்த முதலாளி அடுத்த வாரமும் வர்றாராம்."