கீழே ஓடும் எழுத்து

“கையைப் பிடிக்கவே எட்டுப் பாகம்! இவன் எப்போ கல்யாணம் பண்ணி எப்போ குடித்தனம் நடத்துறது?” டிவியைப் பார்த்து நொடித்தார் மாமனார்.

“அதுதாங்க அழகு. சட்டுனு பிடிக்கிறவன் சட்டுனு விட்டுடுவான்,” என்றாள் மாமியார். மடியில் கடைக்காரர் அனுப்பிய சட்டைகள். கை அதுபாட்டுக்குப் பித்தான் தைக்க, கண் கொரிய நாடகத்தில்.

“எப்பப் பாரு மழை. எப்பப் பாரு ஒரு குடை. இப்படிக் குடை பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே வர்ற ஆம்பளை உலகத்துல எங்கே இருக்கான்?”

“இல்லைன்னுதானே டிவியில பார்க்கிறேன்.”

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை அவளுக்கு. இன்று விடுமுறை. தினமும் நாலு மணிக்கு நடக்கும் இந்தக் கூத்தை முதல்தடவையாக உட்கார்ந்து பார்க்கிறாள்.

மாமியார் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவள். நாடகத்தில் பேசுவது கொரிய மொழி. கீழே தமிழில் எழுத்து ஓடும். அதைப் படித்துச் சொல்வது மாமனார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். முன்னால் போகும் லாரியின் முதுகில் எழுதியிருப்பதைப் படிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் படிப்பார்.

“இந்த ரெண்டாவது பையன்தாங்க பாவம். எந்தக் கதையிலயும் இவனுக்குத்தான் பொண்ணு கிடைக்கிறதில்ல. இவன்தான் ரொம்ப நல்லவன்,” என்றாள் மாமியார்.

“எழுத்தே தெரியாது, இதுல தீர்ப்பு வேற! நான் படிக்கலைன்னா உனக்கு எவன் நல்லவன், எவன் கெட்டவன்னு எப்படித் தெரியும்?”

மாமியார் சிரித்துக்கொண்டே நூலைக் கோத்தாள்.

மருமகளுக்குத்தான் சுருக்கென்றது. படிக்காததை இப்படியா குத்திக் காட்டுவது? கல்யாணமாகி வந்த இந்த ரெண்டு வருஷத்தில், மாமனார் வாயிலிருந்து மாமியாருக்கென்று ஒரு நல்ல வார்த்தை விழுந்து அவள் கேட்டதில்லை.

இதே நாடகம் தமிழ்க் குரலிலும் உண்டு. கூட வேலை பார்க்கிறவள் சொல்லியிருக்கிறாள். ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கினால் போதும். ‘இருங்க அத்தை, இனிமே நீங்க யார் தயவுலயும் பார்க்க வேணாம்’ என்று மனசுக்குள் சொல்லியபடி ரிமோட்டை எடுத்துப் பட்டனைத் தேடினாள்.

திரையில் கதாநாயகன், ஒரு பெரிய கம்பெனி முதலாளியின் மகன், வக்கீல் பெண்ணிடம் ஏதோ சொன்னான். கீழே எழுத்து ஓடியது: ‘மழை வரப்போகிறது. கிளம்பலாம்.’

மாமனார் படித்தார்: “காலையிலேருந்து ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கே. இடுப்பு வலிக்கலையா?”

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். பாவம், கண் மங்கிவிட்டதோ?

‘நாளை கோர்ட்டில் சந்திப்போம்’ என்று ஓடியது எழுத்து.

“விரல்ல ஊசி குத்தின இடம் ஆறிடுச்சா?” என்றார் மாமனார், அதே லாரி முதுகுக் குரலில்.

வக்கீல் பெண்ணுக்கு ஏது ஊசி?

மாமியார் தையலை நிறுத்தி விரலைத் திருப்பிப் பார்த்தாள். “ஆறிடுச்சு,” என்றாள் டிவியைப் பார்த்து.

“அவனுக்கு அந்தப் பொண்ணு பதில் சொல்லுவா. நீ எதுக்குக் குறுக்கே பேசுறே?”

கதாநாயகன் மறுபடி வாயைத் திறந்தான். ‘என் அப்பா சம்மதிக்க மாட்டார்.’

“வண்டி ஓட்டுறப்போ கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டிதான் தெரியணும். எனக்கு உன் மூஞ்சிதான் தெரிஞ்சுது. முப்பது வருஷமும் அப்படித்தான்.”

பின்சீட்டைத் தவிர வேறு சீட்டில் உட்கார்ந்தே பார்த்திராத முதலாளி மகன், அதுவும் இருபத்தஞ்சு வயசுப் பையன், பேசுகிற பேச்சா இது!

மருமகளுக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்குள் கட்டைவிரல் பட்டனை அமுக்கிவிட்டது. திரையின் நடுவில் பெரிதாக ஒரு கட்டம் வந்து நின்றது: ‘குரல்: தமிழ். மாற்றவா?’

மாமனார் அதைப் படித்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. முப்பது வருஷம் வண்டி ஓட்டிய மனுஷன், பிரேக் பிடிக்காத வண்டியில் உட்கார்ந்திருப்பது போல மருமகளைப் பார்த்தார்.

இன்னொரு அமுக்கு அமுக்கினால் கதாநாயகன் கோர்ட்டைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் தமிழிலேயே பேசிவிடுவான். அதோடு இந்த மனுஷன் வாய் மூடிக்கொள்ளும். இனி எந்தச் சாக்கில் திறக்கும்?

“என்னம்மா அது, கட்டம் கட்டமா?” என்றாள் மாமியார்.

“ஒண்ணுமில்ல அத்தை. சத்தம் கூட்டுறது. தெரியாம பட்டுடுச்சு.” கட்டத்தை மூடி ரிமோட்டைத் தள்ளி வைத்தாள்.

“நான் போய் டீ போடுறேன்,” என்று எழுந்தார் மாமனார். அந்த வீட்டில் அவர் டீ போட்டு யாரும் பார்த்ததில்லை. சமையலறைக்குள் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

மாமியார் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்லக் கேட்டாள்: “தமிழ்ல பேச வைக்கிற கட்டம்தானே அது?”

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உங்களுக்கு எப்படி அத்தை...?”

“போன மாசம் தங்கச்சி வீட்டுக்குப் போனேன்ல? அங்கேயும் இந்தக் கட்டம்தான் வந்துச்சு. இதே கதையைத் தமிழ்ல போட்டா. பாதியிலயே எழுந்து வந்துட்டேன்.”

“ஏன் அத்தை? அதுல எல்லாம் நல்லாப் புரியுமே!”

மாமியார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“புரிஞ்சு என்னம்மா பண்றது? அங்கே அவன் யாரோ ஒரு வக்கீல் பொண்ணுகிட்டல்ல பேசுறான்!”